முக்கோணவியல் சமன்பாட்டுக்கு எந்த வழி: ஓரலகு வட்டமா, குறி விதியா, சூத்திரமா, வரைபடமா?

ஆடிப்பெருக்குக்கு முன்னும் பின்னுமாக, பிளஸ் ஒன் வகுப்புகளில் முக்கோணவியல் நடக்கும் நாட்களில், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து மாணவர்கள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். பள்ளியில் ஆசிரியர் பொதுத் தீர்வுச் சூத்திரத்தை (எல்லா விடைகளையும் ஒரே வரியில் தருவது) கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்துகொள் என்கிறார். டியூஷனில் 'ஆல் சில்வர் டீ கப்ஸ்' என்று குறி விதியைச் சொல்லித் தருகிறார்கள். ஜேஇஇ பயிற்சிக்குப் போகிற அண்ணன் வரைபடம் போட்டுப் பார் என்கிறான். பாடநூலில் ஓரலகு வட்டமும் இருக்கிறது. "நான்கையும் படிக்க நேரமில்லை ஸார், ஒன்றைச் சொல்லுங்கள்" என்பதுதான் கேள்வி. பிள்ளையை அழைத்து வரும் அம்மாக்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் ஓரலகு வட்டம் என்பேன். ஆனால் எல்லா இடத்திலும் அதுவே முந்தி நிற்கும் என்று சொல்லமாட்டேன். சூத்திரம் வெல்லும் கணக்குகள் இருக்கின்றன, வரைபடத்தை விட்டால் வழியே இல்லாத கணக்குகளும் இருக்கின்றன. எதை வைத்து அளப்பது என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும்.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல், எல்லா விடைகளும் கையில் வந்து சேருகின்றனவா என்பது. மற்ற அளவுகோல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8° வட அட்சரேகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து சூரியன் வடக்கே அதே 10.8° விலகி நிற்கும் நாளில், நடுப்பகலில் அது நேர் உச்சிக்கு வரும். மார்ச் மாதத்துச் சம இரவு நாளிலிருந்து சூரியன் தன் ஆண்டுப் பாதையில் நகர்ந்த கோணத்தைத் தீட்டா என்று வைத்துக்கொண்டால், சமன்பாடு இதுதான்:

சைன் தீட்டா = சைன் 10.8° ÷ சைன் 23.4°

23.4° என்பது பூமியின் அச்சுச் சாய்வு. வலப்பக்கம் ஏறத்தாழ 0.47. கால்குலேட்டரில் நேர்மாறு சைன் பொத்தானை அழுத்தினால் ஏறத்தாழ 28° என்று வரும். நாளாக மாற்றினால் அது ஏப்ரல் 18 வாக்கு. அதோடு நிறுத்திக்கொண்டவர் பாதி ஆண்டைத் தொலைத்துவிட்டார். 180° − 28° = 152° என்பதும் அதே சமன்பாட்டின் விடைதான். அது ஆகஸ்ட் 24, 25 வாக்கில் வருகிறது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பேச்சை நம்பவேண்டாம், காலையிலும் மாலையிலும் அது நன்றாகவே விழுகிறது. ஆனால் செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் நடுப்பகலில் காலடியில் மறைந்துபோவது உண்மை, ஆண்டுக்கு இரண்டு முறை. அந்த இரண்டாவது நாள் பொத்தானில் இல்லை.

இரண்டாவது அளவுகோல், மனப்பாடச் சுமை. மூன்றாவது, தேர்வு அறையில் ஆகும் நேரம். அங்கே கால்குலேட்டரும் கிடையாது. நான்காவது, சமன்பாடு சற்று உருமாறினால், அதாவது தீட்டாவுக்குப் பதில் 3 தீட்டா வந்தாலோ, சைனும் காஸும் கலந்து வந்தாலோ, அந்த வழி தாக்குப்பிடிக்கிறதா என்பது. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, எனக்கு அது பெரிதாகப்படுகிறது: நாம் தவறு செய்தால் அந்த வழியே நமக்குக் காட்டிக்கொடுக்குமா?

நான்கு வழிகளுக்கும் பொதுவாக ஒரே கணக்கை எடுத்துக்கொள்வோம். 0° முதல் 360° வரை, 2 சைன் தீட்டா + 1 = 0. அதாவது சைன் தீட்டா = −½. (ரேடியனில் கேட்டால் 180° வரும் இடத்தில் பை என்று மாற்றிக்கொள்ளலாம்.)

## ஓரலகு வட்டம்

ஆரம் 1 உள்ள வட்டம், மையத்தில் இரண்டு அச்சுகள். வட்டத்தின் மேல் ஒரு புள்ளி நகர்கிறது. அதன் உயரம் சைன், அதன் கிடைத்தூரம் காஸ். அவ்வளவுதான் நினைவில் இருக்கவேண்டியது.

சைன் தீட்டா = −½ என்றால் உயரம் −½ உள்ள புள்ளிகள் எவை என்று கேட்கிறோம். மையத்துக்குக் கீழே அரை அலகில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அது வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டும்: இடப்பக்கம் 210°, வலப்பக்கம் 330°. காஸ் கேட்டால் கிடைக்கோட்டுக்குப் பதில் செங்குத்துக்கோடு. டேன் (உயரம் ÷ கிடைத்தூரம்) கேட்டால் மையத்தின் வழியாகச் செல்லும் சாய்கோடு. அது வட்டத்தை நேரெதிர் புள்ளிகளில் வெட்டுவதால்தான் டேனின் விடைகள் 180° இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன. இதைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கோட்டைப் பார்த்தாலே தெரியும்.

விடைகள் எத்தனை என்பதும் கோட்டிலேயே தெரிந்துவிடும். உயரம் −1க்கும் 1க்கும் நடுவில் என்றால் இரண்டு. சரியாக 1 அல்லது −1 என்றால் கோடு வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகும், ஒரே விடை. அதைத் தாண்டினால் கோடு வட்டத்தைத் தொடவே தொடாது. 2 சைன்² தீட்டா − 5 சைன் தீட்டா + 2 = 0 என்ற கணக்கில் காரணிப்படுத்தினால் சைன் தீட்டா = ½ அல்லது 2 என்று வரும். இரண்டு என்ற உயரத்தில் கோடு போடக் கை போகும்போதே, அது வட்டத்துக்கு வெளியே என்பது கண்ணில் பட்டுவிடும்.

மனப்பாடமும் குறைவு. ½, √2/2, √3/2 என்ற மூன்று நீளங்கள் முதல் கால்பகுதியில் தெரிந்தால் போதும், மற்ற மூன்று கால்பகுதிகளும் அதன் பிரதிபலிப்புகள். கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் சைன் அட்டவணை தந்தபோதும் 90°க்குள் 24 மதிப்புகளை மட்டுமே தந்தார். மீதி முக்கால் வட்டத்துக்கு அட்டவணை தேவைப்படவில்லை.

ஐந்தாவது அளவுகோலில் இந்த வழிக்கு இணையே இல்லை. ஒரு கணக்கைப் பொறுமையாகப் பார்ப்போம்:

√3 காஸ் தீட்டா + சைன் தீட்டா = 1

பல மாணவர்கள் சைன் தீட்டா = 1 − √3 காஸ் தீட்டா என்று மாற்றி, இருபுறமும் வர்க்கப்படுத்துகிறார்கள். 4 காஸ்² தீட்டா − 2√3 காஸ் தீட்டா = 0 என்று சுருங்கும். காஸ் தீட்டா = 0 அல்லது √3/2. ஆக 90°, 270°, 30°, 330° என்று நான்கு விடைகளை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது வட்டத்தைப் பாருங்கள். காஸ் என்பது கிடைத்தூரம், சைன் என்பது உயரம். ஆகவே இந்தச் சமன்பாடு ஒரு நேர்க்கோடு. நேர்க்கோடு ஒரு வட்டத்தை இரண்டு புள்ளிகளுக்கு மேல் வெட்டாது. நான்கு விடைகள் வந்திருந்தால் குறைந்தது இரண்டு விடைகளாவது பொய்யாக இருக்கவேண்டும். 30°ஐப் போட்டுப் பார்த்தால் 3/2 + ½ = 2, ஒன்று அல்ல. 270°ஐப் போட்டால் −1. இரண்டும் வர்க்கப்படுத்தியதால் உள்ளே நுழைந்தவை. 90°யும் 330°யும் மட்டுமே உண்மை. சூத்திரம் மட்டும் தெரிந்தவருக்கு இந்தச் சந்தேகமே எழ வாய்ப்பில்லை.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லவேண்டும். முதலாவது, படத்தின் ஒழுங்கு. அவசரத்தில் போட்ட முட்டைவடிவ வட்டத்தில் 30°யும் 60°யும் ஒன்றுபோலவே தெரியும். ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துச் சுற்றி வரைந்து, அரை அலகு உயரத்தை அளந்து குறித்துப் பழகினால் சில வாரங்களில் கை தானாகச் சரியாகிவிடும். இரண்டாவது, சைன் தீட்டா = 0.3 போன்ற மதிப்புக்கு வட்டம் எத்தனை விடை, எந்தப் பக்கம் என்று சொல்லுமே தவிரக் கோணத்தின் அளவைச் சொல்லாது. மூன்றாவதுதான் பெரிய குழி: சைன் 3 தீட்டா = ½. தீட்டா ஒரு சுற்று சுற்றினால் 3 தீட்டா மூன்று சுற்று சுற்றும். நிலையிலிருந்து புறப்பட்ட தேர் நான்கு வீதியும் சுற்றி மறுபடி நிலைக்கு வருவதுபோலப் புள்ளி தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவதால், மாணவர் முதல் சுற்றோடு நிறுத்திவிடுகிறார். 10°, 50° என்ற இரண்டு விடைகள் மட்டும் தாளில் இருக்கும். 130°, 170°, 250°, 290° நான்கும் விடுபட்டுப்போகும்.

## குறி விதியும் குறுங்கோணமும்

டெல்டா முழுவதும் டியூஷன்களில் கோலோச்சுவது இதுதான். ஆல்: முதல் கால்பகுதியில் எல்லாம் மிகை. சில்வர்: இரண்டாவதில் சைன் மட்டும். டீ: மூன்றாவதில் டேன். கப்ஸ்: நான்காவதில் காஸ்.

நம் கணக்கில் குறியை மறந்துவிட்டு ½ஐப் பார்த்தால் குறுங்கோணம் 30°. சைன் குறையாக இருப்பது மூன்றாவதிலும் நான்காவதிலும். 180° + 30° = 210°, 360° − 30° = 330°. படமே வேண்டாம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு இதைவிட வேகமான வழி இல்லை.

இதன் செலவு எல்லைகளில் ஒளிந்திருக்கிறது. காஸ் தீட்டா = −1 என்றால் எந்தக் கால்பகுதி? எதுவும் இல்லை, புள்ளி அச்சின் மேலேயே இருக்கிறது. சைன் தீட்டா = 0 கேட்டால் 0° மட்டும் எழுதிவிட்டு 180°ஐ விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் குறி விதியை மட்டும் நம்பியவர்கள். இடைவெளியை −180° முதல் 180° வரை என்று மாற்றிக் கொடுத்தாலும் 210° என்றே கை எழுதும்.

உண்மையில் இந்த விதி ஓரலகு வட்டத்தின் சுருக்கெழுத்துதான். வட்டம் தெரிந்தவர் கையில் இது கூர்மையான கருவி. வட்டம் தெரியாதவருக்கு நான்கு தேநீர்க் கோப்பைகள் மட்டுமே மிஞ்சும்.

## பொதுத் தீர்வுச் சூத்திரம்

ந என்பதை ஏதேனும் ஒரு முழு எண்ணாகவும், ஆல்பாவைத் தெரிந்த ஒரு தீர்வாகவும் கொண்டால்:

சைன்: தீட்டா = 180° × ந + (−1இன் அடுக்கு ந) × ஆல்பா
காஸ்: தீட்டா = 360° × ந ± ஆல்பா
டேன்: தீட்டா = 180° × ந + ஆல்பா

நம் கணக்கில் ஆல்பா = −30°. ந = 1 என்றால் 180° + 30° = 210°. ந = 2 என்றால் 360° − 30° = 330°. முடிந்தது.

'பொதுத் தீர்வு காண்க' என்று வினா வந்தால் எப்படியும் இந்த வடிவில்தான் விடை முடியவேண்டும். மடங்குக் கோணங்களில் இதன் பலம் தெரியும். மேலே சொன்ன சைன் 3 தீட்டா = ½ கணக்கில் தீட்டா = 60° × ந ± 10°, ந இரட்டை என்றால் கூட்டல், ஒற்றை என்றால் கழித்தல். 0 முதல் 5 வரை போட்டால் ஆறு விடைகளும் வரிசையாக வந்து நிற்கும். எத்தனை சுற்று என்று எண்ணவேண்டியதில்லை.

ஆனால் செலவு கணிசம். சைனின் சூத்திரத்தையும் காஸின் சூத்திரத்தையும் மாற்றிப் போடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. −1இன் அடுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. வட்டத்தில் அது தெளிவு: ந இரட்டை என்றால் வலப்பக்க அச்சுக்கு வந்து ஆல்பாவைக் கூட்டுகிறோம், ஒற்றை என்றால் இடப்பக்க அச்சுக்கு வந்து ஆல்பாவைக் கழிக்கிறோம், உயரம் இரண்டிலும் ஒன்றே.

சைன் தீட்டா = 1 என்ற எளிய கணக்கில்கூட ஒரு சங்கடம் உண்டு. ந = 0 போட்டாலும் 90°, ந = 1 போட்டாலும் 90°. விடை தவறில்லை, ஆனால் ஒவ்வொன்றும் இருமுறை வருகிறது. 360° × ந + 90° என்று எழுதுவதே அழகு. ஆல்பாவாக −30°க்குப் பதில் 210°ஐ எடுத்துக்கொண்டாலும் அதே விடைக்கணம்தான் கிடைக்கும். ஆனால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையோடு ஒப்பிடும் மாணவர் தன் விடை தவறு என்று அடித்துவிடுகிறார்.

முதன்மைத் தீர்வு என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய என்சிஇஆர்டி நூலில் 0° முதல் 360°க்குள் வரும் தீர்வுகள் எல்லாம் முதன்மைத் தீர்வுகள். நம் கணக்குக்கு 210°, 330°. மாநிலப் பாடநூலில் சைனுக்கு −90° முதல் 90° வரையுள்ள ஒரே மதிப்பு, அதாவது −30°. இரண்டு நூல்களையும் கலந்து படிப்பவர்கள், எந்தத் தேர்வுக்கு எந்த வரையறை என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

## வரைபடம்

சைன் அலையை வரைந்து, −½ உயரத்தில் கிடைக்கோடு போட்டு, வெட்டும் இடங்களைப் படிப்பது. நம் கணக்குக்கு இது வீண் உழைப்பு. அலையை ஓரளவு சரியாக வரையவே சில நிமிடங்கள் போய்விடும், கோணத்தையும் துல்லியமாகப் படிக்க முடியாது.

ஆனால் சைன் எக்ஸ் = எக்ஸ்/10 என்ற சமன்பாட்டுக்கு (எக்ஸ் ரேடியனில்) எத்தனை தீர்வுகள் என்று கேட்டால், மற்ற மூன்று வழிகளும் கைவிரித்துவிடும். அலையையும் ஆதி வழியாகச் செல்லும் கோட்டையும் ஒரே படத்தில் போட்டால், எக்ஸ் = 10இல் கோடு அலையின் உச்சி உயரமான 1ஐ எட்டிவிடுவதும், அதற்கப்பால் அலையை வெட்டாததும் தெரியும். வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று, ஆதியில் ஒன்று, ஆக ஏழு. இப்படிப்பட்ட வினாக்கள் நுழைவுத்தேர்வுகளுக்குப் பிடித்தவை.

இன்னொரு பயன், தொலைந்த விடைகளைக் கண்டுபிடிப்பது. சைன் 2 தீட்டா = சைன் தீட்டா என்பதை விரித்து, இருபுறமும் சைன் தீட்டாவை அடித்துவிட்டால் காஸ் தீட்டா = ½ மட்டும் மிஞ்சும்: 60°, 300°. இரண்டு அலைகளையும் தோராயமாக வரைந்தால்கூட அவை 0°யிலும் 180°யிலும் வெட்டிக்கொள்வது தெரிந்துவிடும். அடித்த காரணியோடு அந்த இரண்டு விடைகளும் போயிருக்கின்றன.

## ஒரே பார்வையில்

| | ஓரலகு வட்டம் | குறி விதி | சூத்திரம் | வரைபடம் |
|---|---|---|---|---|
| எல்லா விடையும் வருமா | ஒரு சுற்றுக்குள் வரும் | எல்லைக் கோணங்களில் நழுவும் | வரும் | எண்ணிக்கை வரும், அளவு தோராயம் |
| மனப்பாடம் | மூன்று நீளங்கள் | ஒரு வாசகம் | மூன்று சூத்திரங்கள் | அலைகளின் வடிவம் |
| நேரம் | பழகினால் குறைவு | மிகக் குறைவு | குறைவு | அதிகம் |
| 3 தீட்டா போன்றவை | சுற்றை எண்ணவேண்டும் | சுற்றை எண்ணவேண்டும் | மிகச் சிறப்பு | சுமார் |
| தவறைக் காட்டுமா | காட்டும் | காட்டாது | காட்டாது | காட்டும் |

## யாருக்கு எது?

பத்தாம் வகுப்பில் உயரங்களும் தூரங்களும் மட்டும் படித்துவிட்டுப் பிளஸ் ஒன் வந்திருப்பவர் 90°ஐத் தாண்டிய கோணத்தையே இப்போதுதான் பார்க்கிறார். அவர் வட்டத்தில்தான் தொடங்கவேண்டும். சூத்திரத்தைக் கையில் கொடுத்தால் அவருக்குச் சைன் 210° என்பதன் பொருளே விளங்காது, விடை மட்டும் வரும்.

காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது, வட்டம் இன்னும் பிடிபடவில்லை என்பவர், குறி விதியோடு சைன், காஸ் இரண்டுக்கும் 0, 1, −1 என்ற மதிப்புகளுக்கான விடைகளைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஆறே வரிகள். குறி விதி நழுவுகிற இடம் அதுதான், அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் தேர்வைத் தாண்டிவிடலாம். விடுமுறையில் வட்டத்துக்குத் திரும்பவேண்டும்.

ஆண்டுத்தேர்வில் முழு மதிப்பெண் குறிவைப்பவர் வட்டத்தில் யோசித்து, சூத்திரத்தில் எழுதவேண்டும். சூத்திரத்தை எழுதும் முன் விடைத்தாளின் ஓரத்தில் சிறு வட்டம் போட்டு, எத்தனை புள்ளிகள் என்று பார்த்துக்கொண்டால் கூடுதலாகப் பத்து வினாடிகூட ஆகாது.

ஜேஇஇ எழுதுபவருக்கு நான்கும் வேண்டும். 'எத்தனை தீர்வுகள்' என்று கேட்டு இருபுறமும் வெவ்வேறு வகைச் சார்புகள் இருந்தால் வரைபடம், மடங்குக் கோணம் என்றால் சூத்திரம், சைனும் காஸும் நேரடியாகக் கூடி நின்றால் வட்டமும் நேர்க்கோடும். வர்க்கப்படுத்த நேர்ந்தால் ஒவ்வொரு விடையையும் மூலச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்த பிறகே குறிக்கவேண்டும்.

பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சூத்திரம் மூன்றையும் ஒரே நாளில் பலகையில் ஏற்றவேண்டாம். முதல் நாள் சைன், கிடைக்கோடு. மறுநாள் காஸ், செங்குத்துக்கோடு. மூன்றாம் நாள் டேன், சாய்கோடு. ஒவ்வொரு நாளும் விடைகளை மாணவர்களே வட்டத்தில் தேடி எடுத்து, 360°ஐக் கூட்டியும் கழித்தும் பட்டியல் போடட்டும். அந்தப் பட்டியலை ஒரே வரியில் எழுதச் சொன்னால் காஸுக்கும் டேனுக்கும் சூத்திரத்தைப் பெரும்பாலும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். சைனுக்கு மட்டும் இரட்டை, ஒற்றை என்று பிரித்துப் பார்க்க ஆசிரியர் கை கொடுக்கவேண்டியிருக்கும்.